மூக்கில் நுழைந்த குச்சி போன தூரம்

போன வருஷம் ஐப்பசி இரண்டாம் வாரம். சென்னையில் மூன்று நாளாக விடாத மழை. அம்மாவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. இருமல் ஆளையே உலுக்கி எடுத்தது. மிளகு ரசம், ஆவி, காய்ச்சல் மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டு, நான்காம் நாள் அரசு மருத்துவமனை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் மார்பில் குழல் வைத்துப் பார்த்தார், மருந்து எழுதினார், பிறகு அடுத்த அறையைக் காட்டினார். அங்கே ஒரு லேப் டெக்னீஷியன் பெண், தலையிலிருந்து கால்வரை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கொஞ்சம் அண்ணாந்து பாருங்கம்மா. கண்ணுல தண்ணி வரும், பயப்படாதீங்க."

"எவ்வளவு தூரம் போகும்மா அது?"

"ரொம்ப தூரமெல்லாம் போகாதும்மா. எண்ணி முடிக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன்."

ஐந்தாறு நாள் கழித்து முடிவு வந்தது. இன்ஃபுளுயன்சா ஏ, எச்1என்1. அதற்குள் அம்மா எழுந்து வாசலில் கோலம் போடத் தொடங்கியிருந்தாள். தாளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாப் போனப்புறம் இது எதுக்குடா?" என்றாள். என்னிடம் அப்போது பதில் இல்லை. தேடப் போனபோதுதான் அந்தக் குச்சியின் பின்னால் போக வேண்டியதாயிற்று.

அம்மாவின் குச்சியை மட்டும் தனியாகப் பின்தொடர வழியில்லை. அறையை விட்டு வெளியே போகும்போது அது பெரும்பாலும் ஓர் எண்ணாகத்தான் போகும். கூடவே வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், காய்ச்சல் தொடங்கிய நாள். ஆனால் போகிற பாதை தெரிந்த பாதை.

முதலில் குச்சி. காது குடையும் பஞ்சுக்குச்சி போலத் தெரிந்தாலும் அதில் பஞ்சு கிடையாது, மரமும் கிடையாது. பஞ்சிலும் மரத்திலும் உள்ள சில பொருள்கள் பிற்பாடு நடக்கும் சோதனையைக் கெடுத்துவிடும். அதனால் பிளாஸ்டிக் தண்டு. நுனியில் வெல்வெட் துணி மாதிரி நட்டு நிறுத்திய நைலான் இழைகள். மூக்கின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் செல்களை இந்த இழைகள் வழித்தெடுக்கும். திரவத்தில் முக்கியதும் அப்படியே விட்டுக்கொடுக்கும். தண்டில் ஓரிடத்தில் மெல்லிய வெட்டு இருக்கும். குச்சியைக் குப்பியில் இறக்கி அந்த இடத்தில் மடக்கினால் படக்கென்று ஒடியும். மிச்சத்தை எறிந்துவிட்டு மூடியைத் திருகிவிடலாம்.

குப்பியில் இருக்கும் நீர் இளஞ்சிவப்பு. உப்பு, கொஞ்சம் புரதம், பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளரவிடாத மருந்துகள் எல்லாம் அதில் கலந்திருக்கும். அந்த நிறம் அழகுக்காகச் சேர்த்ததல்ல. உள்ளே வேண்டாதது எதுவும் வளர்ந்து நீர் புளித்தால் சிவப்பு மஞ்சளாக மாறும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இன்ஃபுளுயன்சா வைரஸுக்கு மேலே கொழுப்பாலான ஒரு மெல்லிய உறை உண்டு. வெயில் பட்டால் தாங்காது. ஆகையால் 2 முதல் 8 டிகிரிக்குள், ஐஸ் பேக் அடுக்கிய பெட்டியில், மூன்று அடுக்கு உறைக்குள் வைத்து இரண்டு மூன்று நாளுக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதமானால் மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். மழையில், டிராஃபிக்கில், பைக்கின் பின்சீட்டில் இந்தப் பெட்டியைச் சுமந்துகொண்டு போகிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. வழியில் குளிர் விட்டுப்போனால் அதற்குப் பிறகு எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் இருந்தும் பயனில்லை.

சென்னையில் இப்படிப்பட்ட பெட்டிகள் போய்ச் சேரும் பழைய வாசல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். 1899இல் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ. ஜி. கிங்கின் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரியம்மைக்கான தடுப்பு மருந்தை அந்தக் காலத்தில் செய்து அனுப்பிய இடம். ஆய்வகத்தில் காற்றை உள்ளிழுத்து வடிகட்டும் பெட்டிக்குள் குப்பி திறக்கப்படும். நீரிலிருந்து ஆர்என்ஏவை மட்டும் பிரித்தெடுத்துப் பிசிஆர் இயந்திரத்தில் வைப்பார்கள். கொரோனா நாள்களில் இந்தப் பெயர் நம் எல்லோர் வாயிலும் புழங்கிவிட்டது. சூடாக்கி ஆற்றி, சூடாக்கி ஆற்றி, ஒவ்வொரு சுற்றிலும் தேடுகிற மரபணுத் துண்டை இரண்டு மடங்காக்கும் இயந்திரம் அது. நாற்பது சுற்றுக்குள் வெளிச்சம் கோட்டைத் தாண்டினால் வைரஸ் இருக்கிறது. சீக்கிரமே தாண்டினால் நிறைய இருக்கிறது. முதலில் ஏ வகையா, பி வகையா என்று பார்ப்பார்கள். ஏ என்றால் அதில் எச்1ஆ, எச்3ஆ என்று பார்ப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. வைரஸைத் தேடும் அதே நேரத்தில் மனித மரபணு ஒன்றையும் இயந்திரம் தேடும். அது கிடைக்கவில்லை என்றால் குச்சி சரியான இடத்தைத் தொடவில்லை, மனிதச் செல்லே அதில் ஒட்டவில்லை என்று பொருள். அந்த மாதிரிக்கு 'நோய் இல்லை' என்று எழுதக் கூடாது. திரும்ப எடுக்கச் சொல்ல வேண்டும். இல்லாததற்கும் பார்க்காததற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சிறிய மேசையிலேயே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

வேலை முடிந்த குச்சி அழுத்தக் கொதிகலத்தில் 121 டிகிரியில் வெந்து, பிறகு கழிவுக்குப் போய்விடும். அதன் உடம்புக்கு அதோடு ஆயுள் முடிந்தது. மிச்ச நீர் சிறு குப்பிகளில் பிரிந்து உறைபெட்டிக்குப் போகும். இனி பயணம் செய்வது இரண்டு: ஓர் எண், கொஞ்சம் வைரஸ்.

எண்ணின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியது. கிராமச் செவிலியர் அறிகுறியைப் பார்த்து எழுதுவது ஒரு படிவம், டாக்டர் சந்தேகத்தின் பேரில் எழுதுவது இன்னொன்று, ஆய்வகம் உறுதி செய்து எழுதுவது மூன்றாவது. வாரம் ஒரு முறை இவை மாவட்டத்துக்கும், மாநிலத்துக்கும், டெல்லிக்கும் போய்க்கொண்டிருந்தன. 2021இலிருந்து ஒரே இணையத் தளத்தில் அன்றன்றைக்கே ஏற்றும் முறை வந்திருக்கிறது. காய்ச்சல் 38 டிகிரிக்குக் குறையாமல், இருமலோடு, பத்து நாளுக்குள் தொடங்கியிருந்தால் அது 'இன்ஃபுளுயன்சா போன்ற நோய்'. அதே ஆள் படுக்கையில் சேர வேண்டிய நிலைமை என்றால் 'கடும் சுவாசத் தொற்று'. ஸ்ரீநகரில் இருமுகிறவரையும் ஆலப்புழையில் இருமுகிறவரையும் ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் எல்லோரும் ஒரே வரையறையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்தது இது.

நூறு குச்சியில் இருபதில் வைரஸ் இருந்தால் அது ஒரு செய்தி. வெறுமனே 'இருபது பேருக்குத் தொற்று' என்றால் அது பாதிச் செய்திகூட இல்லை. போன வாரம் ஐம்பது குச்சி, இந்த வாரம் இருநூறு குச்சி எடுத்திருந்தால் தொற்றின் எண்ணிக்கை தானாகவே ஏறும். நோய் பெருகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. 'பாதிப்பு இரு மடங்கு' என்று தலைப்புப் போடும்போது எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்ற ஒரு வரியை விட்டுவிடுகிறோம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற முறையில் இந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு. வைரஸ் இல்லாத அந்த எண்பது குச்சிகள்தான் கணக்குக்கு அடித்தளம்.

இனி வைரஸ். ஒரு பங்கு மாதிரிகள் புனேவுக்குப் போகும். அங்குள்ள தேசிய வைராலஜி நிறுவனம் 1952இல் தொடங்கியது. இந்தியாவின் தேசிய இன்ஃபுளுயன்சா மையம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் புனேவுக்கு முன்னால் இந்த வேலை நம் குன்னூரில் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாய்க்கடி ஊசிக்குப் பெயர்போன பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907இலிருந்து அங்கே இருக்கிறது. அதற்குள்தான் இன்ஃபுளுயன்சா மையமும் இயங்கியது.

1957. ஏப்ரலில் ஹாங்காங்கில் புதிய காய்ச்சல். அங்கிருந்து சிங்கப்பூர். அந்த நாளில் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் நடுவே இருந்த உறவை நினைத்துப் பாருங்கள். பினாங்கு, நாகப்பட்டினம் வழியாக ரஜூலா போன்ற கப்பல்கள் போய் வந்துகொண்டிருந்த காலம். தளத்தில் பாய் விரித்துப் படுத்துத் தகரப் பெட்டியோடு ஊர் திரும்பும் நம் மக்கள். மே மாதம் காய்ச்சல் சென்னை மாநிலத்தில்தான் முதலில் வேர் பிடித்தது. மூக்கில் குச்சி விடும் வழக்கம் அப்போது இல்லை. நோயாளியைத் தொண்டை கொப்பளிக்கச் சொல்லி, அந்த நீரைக் கருவுற்ற கோழிமுட்டைக்குள் செலுத்தி வைரஸை வளர்ப்பதுதான் அன்றைய முறை. குன்னூர் மையத்தில் சேர்ந்த விவரங்களைத் தொகுத்து ஐ. ஜி. கே. மேனன் எழுதிய கட்டுரை 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. 1957 மே 19 முதல் 1958 பிப்ரவரி 8 வரை நாட்டில் பதிவான நோயாளிகள் 44,51,785 பேர். இறந்தவர்கள் 1,098 பேர்.

இந்தக் கணக்கைப் பல முறை படித்திருக்கிறேன். நோய் புகுந்தது சென்னை மாநிலம் வழியாக. அதிகம் பரவியது பம்பாய் மாநிலத்தில். இறப்பு விகிதம் கூடியது மேற்கு வங்காளத்தில். உழைக்கும் வயதினரையும், நெரிசலில் வாழ்கிறவர்களையும் வேலை செய்கிறவர்களையுமே அது கூடுதலாகப் பிடித்தது. கணினி இல்லை, பிசிஆர் இல்லை. இத்தனையும் தபாலிலும் தந்தியிலும் வந்த தாள்களைக் கூட்டிப் பார்த்துச் சொன்னது. 1918இல் இதே துணைக்கண்டத்தில் கோடிக்கும் மேற்பட்டோர் இன்ஃபுளுயன்சாவில் மாண்டார்கள். அவர்களைக் கொன்ற கிருமி எது என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது. செத்தவர்களைப் பின்னால் மக்கள்தொகைக் கணக்கில் தேடத்தான் முடிந்தது. நாற்பதே வருஷத்தில் குன்னூர் மலையில் உட்கார்ந்துகொண்டு, நோய் எந்தத் திசையில் போகிறது என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தோம்.

அம்மாவின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் 2015இல் வெளியான ஓர் ஆய்வில் இருந்தது. புனே நிறுவனத்தினரும் அவர்களுடன் சேர்ந்தவர்களும் 2009 முதல் 2013 வரை பத்து ஊர்களில் குச்சி குச்சியாகச் சேர்த்த கணக்கு அது. ஸ்ரீநகர், டெல்லி, லக்னோ, திப்ருகர், கொல்கத்தா, நாக்பூர், புனே, ஆலப்புழை, வேலூர், சென்னை. ஒவ்வோர் ஊரிலும் இன்ஃபுளுயன்சா எந்த மாதத்தில் உச்சம் தொடுகிறது என்பதே கேள்வி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது பனிக்காலத்து நோய். அந்தப் பாடப்புத்தகம் நம் நாட்டில் ஸ்ரீநகருக்கு மட்டும் பொருந்தியது: ஜனவரி முதல் மார்ச் வரை. டெல்லியிலிருந்து ஆலப்புழை வரை மற்ற ஏழு ஊர்களிலும் தென்மேற்குப் பருவமழையோடு சேர்ந்து உச்சம். மிஞ்சியவை சென்னையும் வேலூரும். இந்த இரண்டில் மட்டும் அக்டோபர், நவம்பர். நம் ஐப்பசி, கார்த்திகை. ஆலப்புழைக்கும் வேலூருக்கும் நடுவே ஒரு மலைத்தொடர்தான்; மழை மாறுகிறது, கூடவே காய்ச்சலும் மாறுகிறது.

'இது பாட்டிக்கே தெரியுமே' என்று யாராவது சொல்லக்கூடும். அடைமழையில் காய்ச்சல் வரும் என்று பாட்டிக்குத் தெரியும், உண்மை. ஆனால் அதே மழையில்தான் டெங்குவும் வருகிறது, எலிக்காய்ச்சலும் வருகிறது, டைபாய்டும் வருகிறது. எல்லாம் ஒரே போர்வைக்குள் நடுங்குகின்றன. போர்வையை விலக்கி, இது இன்ஃபுளுயன்சா, இது அல்ல என்று பிரித்துக் காட்டியது குச்சி. அதுவும் ஒரு குச்சியால் ஆகாது. எல்லா வாரமும், நோய் இல்லாத வாரமும், சலிக்காமல் எடுத்தால்தான் மாதம் புலப்படும். தங்களுக்குச் சரியாகிப்போன பிறகு முடிவு வந்தவர்களின் குச்சிகளால் கட்டிய நாட்காட்டி அது.

அதனால் என்ன பயன் என்றால், ஊசி. தடுப்பூசியின் பலம் போட்ட சில மாதங்களில் குறையத் தொடங்கும். உச்சத்துக்குச் சற்று முன்னால் போட வேண்டும். நாட்டின் பெரும்பகுதிக்கு ஏப்ரல், மே என்று அந்த ஆய்வு சொன்னது. ஸ்ரீநகருக்கு அக்டோபர், நவம்பர். சென்னைக்காரர்கள் ஏப்ரலில் போட்டுக்கொண்டு ஐப்பசி வரை காத்திருப்பதைவிட, புரட்டாசிக்குள் போடுவதுதான் பொருத்தம் என்பது என் கணிப்பு. முதியவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு ஆறவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. குச்சி எடுக்கும் இடங்கள் பெரும்பாலும் பெரிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகள். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகும் கட்டடத் தொழிலாளியின் காய்ச்சல் எந்தப் படிவத்திலும் ஏறாது. வரைபடத்தில் ஒரு மாவட்டம் வெள்ளையாக இருந்தால் அங்கே நோய் இல்லை என்று படித்துவிடுகிறோம். அங்கே குச்சி போகவில்லை என்றும் இருக்கலாம். மனித மரபணுவையும் சேர்த்துத் தேடும் அந்த ஏற்பாடு வரைபடத்துக்கும் இருந்திருக்க வேண்டும்.

புனேவோடு வைரஸின் பயணம் நிற்பதில்லை. 1952இல் உலக சுகாதார நிறுவனம் பின்னிய வலை இன்று 120க்கும் மேற்பட்ட நாடுகளில் விரிந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த மாதிரிகள் லண்டன், அட்லாண்டா, மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங் மையங்களுக்குப் போகும். மரபணு வரிசையைப் படிப்பதோடு, வைரஸின் குணத்தையும் அங்கே பார்ப்பார்கள். அந்தச் சோதனையை விவரித்தே ஆக வேண்டும். எட்டுக்குப் பன்னிரண்டு, 96 குழி கொண்ட தட்டு. நம் புள்ளிக்கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி. இன்ஃபுளுயன்சா வைரஸ் சிவப்பணுக்களைப் பிடித்து வலைபோல் கோத்துவிடும். அப்போது இரத்தம் குழி முழுக்கப் படர்ந்து நிற்கும். வைரஸை முன்கூட்டியே எதிர்ப்புப்புரதம் கட்டிப்போட்டிருந்தால் அணுக்கள் தடையின்றி இறங்கி அடியில் ஒரு பொட்டாகத் தங்கும். தட்டைச் சாய்த்தால் பொட்டிலிருந்து கண்ணீர்போல் ஒரு கோடு வழியும். பழைய தடுப்பூசி தரும் பாதுகாப்பு புதிய வைரஸுக்குச் செல்லுமா என்பதை அந்தக் கோட்டில் படிக்கிறார்கள்.

இதற்கு வேண்டிய எதிர்ப்புப்புரதம் கிடைப்பது ஃபெரெட் என்ற, கீரிபோல் தோற்றமுள்ள சிறு விலங்கிடமிருந்து. 1933இல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா மூவரும் மனித இன்ஃபுளுயன்சா வைரஸை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது இதன் துணையோடுதான். நோயுற்ற ஃபெரெட் ஒன்று ஸ்மித்தின் முகத்தில் தும்மியது. அவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர் தொண்டையிலிருந்து எடுத்த வைரஸ் இன்றும் அவர் பெயரின் முதலெழுத்துகளோடு 'டபிள்யூஎஸ்' என்றே வழங்குகிறது.

அம்மா முடிவைப் பார்த்ததும் "பன்றிக் காய்ச்சலா?" என்று பதறியது நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் நம் காதில் விழுந்ததும் ஒரு குச்சியால்தான். 2009 மார்ச் கடைசியில் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சிறுவனுக்குச் சாதாரணக் காய்ச்சல், அவன் குணமாகிவிட்டான். அவனிடம் எடுத்த மாதிரி ஏ என்று வந்தது. ஆனால் தெரிந்த எந்த உள்வகையிலும் அடங்கவில்லை. அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். உலகம் அதுவரை காணாத வைரஸ். வருஷா வருஷம் சாதாரணக் காய்ச்சலை எண்ணிக்கொண்டிருந்ததால்தான் சாதாரணமல்லாதது கண்ணில் பட்டது. அன்று புதிதாய் வந்ததன் வழித்தோன்றல்தான் இன்று பருவந்தோறும் வந்துபோகும் எச்1என்1. அம்மாவின் மூக்கில் இருந்ததும் அதுவே.

காணாமல் போனதையும் குச்சிதான் சொல்கிறது. பி வகையில் யமகாட்டா என்றொரு கிளை இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாக அது எங்கும் அகப்படவில்லை. உலகெங்கும் வாரா வாரம் தேடியும் கிடைக்காததால், தடுப்பூசியில் அதற்கு இனி இடம் வேண்டாம் என்று 2023 செப்டம்பரில் முடிவானது. நான்கு வைரஸுக்கான ஊசி மூன்றுக்கானதாகச் சுருங்கியது.

வருஷந்தோறும் உலக சுகாதார நிறுவனம் கூட்டுவது பிப்ரவரியில் ஒரு கூட்டம், செப்டம்பரில் ஒரு கூட்டம். முதலாவது வட அரைக்கோளத்துக்கு, அடுத்தது தெற்குக்கு. எந்த வைரஸ்கள் ஊசியில் இருக்க வேண்டும் என்று அங்கே தேர்வாகும். முட்டையில் வளர்த்து, சுத்தம் செய்து, குப்பியில் அடைத்து வருவதற்கு ஆறு மாதம் பிடிக்கும்.

இந்தப் புரட்டாசியில் அம்மாவை ஊசிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் குளிர்பெட்டியிலிருந்து அட்டைப்பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்த தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஏ, விக்டோரியா, 4897, 2022. ஏ, குரோஷியா, 10136ஆர்வி, 2023. பி, ஆஸ்திரியா, 1359417, 2021.

"எல்லாம் ஊர்ப் பேரா இருக்கு. நம்பர் என்னடா?"

"அந்த ஊர்ல காய்ச்சல் வந்தவங்கம்மா. உன்ன மாதிரி மூக்குல குச்சி விட்டு எடுத்திருப்பாங்க. அதோட நம்பர்."

நர்ஸ் தோளைத் துடைத்தார். அம்மா இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு இது தெரியுமா?" என்றாள்.